ஆறாவது வாரத்தில் காலியாகும் கணக்கு

மாணவர் நல அலுவலகத்தில், பணச் சிக்கலோடு வருகிறவர்களுக்கான மேசையில் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். பருவம் தொடங்கிய முதல் மூன்று வாரங்களில் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆறாவது வாரத்தில் வரிசை நிற்கும். வருகிறவர்களில் ஊதாரிகள் மிகக் குறைவு. "எதைக் குறைக்கலாம், மேடம்?" என்று கேட்கிறார்கள். அவர்கள் குறைத்துக் குறைத்துத்தான் என்னிடம் வந்திருக்கிறார்கள். பல நேரம் முதலில் குறைவது மதியச் சாப்பாடு.

நான் செலவுக் கணக்கைக் கேட்பதற்கு முன் நாட்காட்டியைத் திறக்கச் சொல்கிறேன். சம்பளக்காரருக்கு மாதம் தவறாமல் பணம் வருகிறது. இந்த மாதம் பிசகினால் அடுத்த மாதம் சரிசெய்துகொள்ளலாம். மாணவருக்கு உதவித்தொகையோ, கல்விக் கடனின் தவணையோ, வீட்டார் அனுப்புவதோ பெரும்பாலும் ஆண்டில் இரண்டு மூன்று முறை மொத்தமாக வருகிறது. வந்த அன்று கணக்கில் தெரிகிற எண் பெரிதாக இருக்கிறது. அதில் அடுத்த நான்கு மாத வாடகையும் சேர்ந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். மாணவர்கள் அளக்காமல் இல்லை. தப்பான அளவுகோலால் அளக்கிறார்கள்.

சரியான அளவுகோல் வாரம். கையில் இருக்கும் தொகையிலிருந்து வாடகை, கட்டணம், மின்சாரம், இணையம் போன்ற நிலையான செலவுகளை முதலில் கழித்துவிடுங்கள். மீதியை, அடுத்த பணம் வரும் நாள் வரை உள்ள வாரங்களால் வகுங்கள். பருவத்தின் வாரங்களை எண்ணாதீர்கள். விடுமுறை வாரங்களிலும் வயிறு இருக்கிறது. உதவித்தொகை சொன்ன தேதியில் வராமல் போவதும் உண்டு என்பதால் இரண்டு வாரம் கூட்டியே வகுக்கச் சொல்வேன். முழுத்தொகையையும் ஒரு கணக்கில் வைத்து, வாரப் பங்கை மட்டும் செலவுக் கணக்குக்குத் திங்கட்கிழமை காலையில் மாற்றிக்கொள்வது நல்லது. ஏன் திங்கள்? வெள்ளியன்று மாற்றுகிறவர்களுக்கு வாரம் ஞாயிறோடு முடிந்துவிடுகிறது.

இவ்வளவு செய்தும் கவிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கவிழ்த்தது அன்றாடச் சில்லறை அல்ல, எப்போதாவது வருகிற செலவு. தேர்வுக் கட்டணம், ஊருக்குப் போகும் டிக்கெட், ஆய்வேட்டை அச்சிட்டுக் கட்டும் செலவு, பல்வலி, உடைந்த கைப்பேசித் திரை, நேர்காணலுக்கு ஒரு நல்ல சட்டை. இவற்றை எதிர்பாராத செலவு என்று சொல்கிறோம். பல்வலியைத் தவிர எது எதிர்பாராதது? தேர்வு தேதியோடுதான் வருகிறது. நாட்காட்டியில் இவற்றை எழுதிக் கூட்டி, அதையும் வாரங்களால் வகுத்து, ஒரு சிறு தொகையை வாராவாரம் தனியே ஒதுக்குங்கள். என் அனுபவத்தில் மாணவர்களைக் கடனுக்குள் போகாமல் காப்பாற்றிய ஒரே பழக்கம் இதுதான் என்றுகூடச் சொல்வேன்.

கடன் என்றதும் பலர் முகம் மாறுகிறது. கல்விக் கடனைப் பற்றி நான் அதிகம் பயமுறுத்துவதில்லை. என் கவலை கடன் அட்டை, கைப்பேசிச் செயலிக் கடன், 'இப்போது வாங்கு, பிறகு கொடு' ஆகியவற்றில். ஒரு கணக்கைப் பாருங்கள். எந்த நாணயமாக இருந்தாலும் சரி, அட்டையில் 1000 பாக்கி. மாத வட்டி 3 சதவீதம். குறைந்தபட்சத் தொகையாக மாதாமாதம் பாக்கியில் 5 சதவீதம் மட்டும் கட்டுகிறீர்கள். முதல் மாதம் 50 கட்டினால் 30 வட்டிக்கே போய்விடும். ஓர் ஆண்டில் ஏறத்தாழ 538 கட்டியிருப்பீர்கள். கடனோ 785 அளவில் நிற்கும். இடையில் அட்டையைத் தொடவே தொடாவிட்டாலும் பாக்கி பாதியாக 34 மாதங்களுக்கு மேல் ஆகும். படிப்பே முடிந்துவிடும்.

இன்னொரு தந்திரம் 'நிலையான வட்டி (flat rate) 12 சதவீதம்தான்' என்பது. அதாவது, பாக்கி குறைந்தாலும் வாங்கிய முழுத்தொகைக்கும் வட்டி போடுவார்கள். 1200 வாங்கி, மாதம் 112 வீதம் 12 மாதம் கட்டுகிறீர்கள், வட்டி 144. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மாதமும் அசலின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். 1200 முழுவதும் உங்கள் கையில் இருந்தது முதல் மாதம் மட்டும். குறைந்துவரும் பாக்கிக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. கையெழுத்துப் போடும் முன், மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், செயல்பாட்டுக் கட்டணம் எவ்வளவு, ஒரு நாள் தாமதமானால் என்ன ஆகும் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

அட்டையே கையின் இறுக்கத்தைத் தளர்த்திவிடுகிறது என்பதற்குச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிரேசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிடைப்பதற்கு அரிதான கூடைப்பந்து ஆட்ட டிக்கெட்டுக்கு மேலாண்மை மாணவர்களை ஏலம் கேட்கச் சொன்னபோது, ரொக்கமாகக் கட்ட வேண்டியவர்களைவிட அட்டையில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் சராசரியாக இரு மடங்குக்கும் மேல் கேட்டார்கள். இத்தனைக்கும் அவர்கள் மேலாண்மை படித்தவர்கள்! வாரப் பங்கை ரொக்கமாக எடுத்து வைத்துக்கொள்ள முடிந்தால் ஒரு மாதம் செய்து பாருங்கள்.

நண்பர்களோடு சேர்ந்து வீடு எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒப்பந்தத்தில் 'கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு' என்று இருந்தால், ஒருவர் சொல்லாமல் கிளம்பிவிட்டாலும் அவருடைய பங்கை மற்றவர்களிடம் கேட்கலாம் என்று பொருள். குடிபோன அன்றே சுவர், குழாய், மெத்தை எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். முன்பணத்தைத் திரும்ப வாங்கும்போது அந்தப் படங்கள் பேசும்.

அவசரத்தில் இருக்கிற மாணவனைத் தேடி வருகிற இன்னொரு வலை, "உன் கணக்கில் கொஞ்சம் பணம் போடுகிறோம். பத்து சதவீதத்தை வைத்துக்கொண்டு மீதியைச் சொல்கிற கணக்குக்கு அனுப்பு" என்கிற 'வேலை'. அது பெரும்பாலும் யாரிடமோ ஏமாற்றிப் பறித்த பணம். கணக்கு முடங்கும், காவல்துறை தேடி வரும். எனக்குத் தெரியாது என்ற பதில் எடுபடுவது கடினம். இதில் சிக்கியவர்களுக்கு என் மேசையில் அதிகம் செய்ய முடிந்ததில்லை.

கடைசியாக, வெட்கம். எல்லாச் செலவிலும் அதுவே பெரிய செலவு என்று தோன்றுகிறது. கெடு தேதிக்கு முன் எழுதிக் கேட்டால் தவணையும் அவசர உதவி நிதியும் பல பல்கலைக்கழகங்களில் கிடைக்கக்கூடியவை. தேதி தாண்டியபின் அதே கேள்விக்கு வேறு முகம்.

ஒரு மாணவர் பிரிக்காத 11 உறைகளோடு வந்தார். எல்லாம் நிலுவை அறிவிப்புகள் என்று பயந்து பையிலேயே வைத்திருந்தார். மேசைமேல் பரப்பி ஒவ்வொன்றாகப் பிரித்தோம். நான்கு விளம்பரங்கள். ஐந்தாவது, கட்டணத்தைத் தவணையில் கட்ட விண்ணப்பிக்கலாம் என்ற அழைப்பு; கடைசி நாள் முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதினோம். தவணை கிடைத்தது. தாமதக் கட்டணத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மறுத்துவிட்டார்கள்.