நெஞ்சு எங்கே இருக்கிறது?

"நெஞ்சு கரிக்குது டாக்டர். நேத்து ராத்திரி நண்டுக் குழம்பு, அதான்."

தேவனாம்பட்டினத்துப் பெரியவர் ஒருவர். வரும் வழியில் ஒரு சோடாவும் குடித்திருந்தார். எங்கே என்று கையால் காட்டச் சொன்னேன். விரலால் தொடவில்லை, உள்ளங்கையை விரித்து மார்பின் நடுவில் வைத்து அழுத்தினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இ.சி.ஜி. எடுத்தால், இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு. உடனே புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அனுப்பினோம். நண்டு பாவம், சும்மா பழியைச் சுமந்தது.

அவரைக் குறை சொல்ல முடியாது. நெஞ்சு என்ற சொல்லே ஓரிடத்தில் நிற்காதது. தாகத்தில் "நெஞ்சு வறண்டுபோச்சு" என்றால் தொண்டை. நெஞ்சுச் சளி என்றால் நுரையீரல். "நெஞ்சறியப் பொய் சொல்லாதே" என்றால் மனசாட்சி. திருக்குறளின் 125-ஆம் அதிகாரம் 'நெஞ்சொடு கிளத்தல்'. அங்கே தலைவி பேசுவது தன் மனத்தோடு. ரத்தத்தை இறைக்கும் அந்தத் தசைக்கென்றே நம்மிடம் நெஞ்சாங்குலை என்ற அழகான சொல் இருக்கிறது. வடமொழி 'ஹ்ருதய' இதயமாகி வந்து, அதை ஓரங்கட்டிவிட்டது.

கிரேக்கர்களும் நம்மைப் போலத்தான். 'கார்டியா' என்று இதயத்தையும் சொன்னார்கள், இரைப்பையின் வாயையும் சொன்னார்கள். உணவுக்குழாய் இரைப்பையில் வந்து சேரும் இடத்துக்கு மருத்துவப் புத்தகங்களில் இன்றும் அதே பெயர்தான்.

சொல் மட்டுமா, உடம்பே குழம்பித்தான் இருக்கிறது. உணவுக்குழாய் இதயத்துக்குப் பின்புறம் ஒட்டினாற்போல் இறங்குகிறது. இரண்டின் வலியையும் சுமந்துவரும் நரம்புகள் தண்டுவடத்தில் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் சேர்வதால், வலி எதிலிருந்து வருகிறது என்று மூளைக்குப் பிடிபடுவதில்லை. இதயத்தின் கீழ்ச்சுவரோ, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அங்கே அடைப்பு வந்தால் மேல்வயிற்று வலி, குமட்டல் என்று வயிற்றுக்கோளாறு மாதிரியே வரும். சர்க்கரை நோயாளிகளில் சிலருக்கு வலியே இருக்காது. மூச்சுத் திணறலும் வியர்வையும்தான்.

'மாரடைப்பு' என்ற சொல்லும் கொஞ்சம் ஏமாற்றும். சினிமாவில் போல மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். அடைபடுவது மார் இல்லை, இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய குழாய்.

சரி, கரிப்போடு வியர்வையும் சேர்ந்தால், அல்லது வலி இடது கை, தாடை, முதுகு என்று பரவினால் சோடாக் கடையைத் தேடாதீர்கள், 108-ஐ அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு வர வேண்டாம். 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளை மாத்திரைகள் கிடைக்கும். அப்புறம், முதல் இ.சி.ஜி. நன்றாக இருக்கிறதென்று "கேஸ் டிரபிள்தான்" எனக் கிளம்பிவிடாதீர்கள். ஆரம்பத்தில் சில மாரடைப்புகள் அதில் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று எடுக்கச் சொன்னால், இருந்து எடுத்துவிட்டுப் போங்கள்.