விறலி: ‘லேடி ஆர்ட்டிஸ்ட்’டுக்கு முந்திய சொல்

திருநெல்வேலிப் பக்கம் கொடை சீசன், அதாவது ஊர்க் கோயில் திருவிழாக் காலம், வந்தால் சுவரெல்லாம் நோட்டீஸ்தான். மேளம், கணியான் கூத்து, வில்லிசை (வில்லுப்பாட்டு) என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். வில் அடித்துப் பாடுவது பெண் என்றால் ‘லேடி ஆர்ட்டிஸ்ட்’ என்கிறார்கள், தமிழில் எழுத நினைப்பவர்கள் ‘பெண் கலைஞர்’ என்று போடுகிறார்கள். பக்கத்தில் உடுக்கை அடிப்பவரை யாரும் ‘ஆண் கலைஞர்’ என்று சொல்வதில்லை. எனக்கு இது பல வருட உறுத்தல்.

சங்கத் தமிழில் ஆடிப் பாடும் பெண்ணுக்கு விறலி என்று பெயர். விறல் என்றால் வலிமை, வெற்றி. கூத்தில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு: மனசுக்குள் இருக்கும் உணர்ச்சி உடம்பில் தெரிவது. விறல்பட ஆடுபவள் விறலி. கடைசி இகரம் மட்டும்தான் அவள் பெண் என்று சொல்கிறது, மீதி முழுக்க அவளுடைய திறமை. ‘கூத்தரும் பாணரும் பொருநரும் விறலியும்’ என்று தொல்காப்பியம் அவளைச் சரிசமமாக நிறுத்துகிறது. புறநானூறு 105-ஆம் பாட்டில் கபிலர் அவளிடமே பேசுகிறார்: பாரியிடம் நீ பாடிக்கொண்டு போனால் பொன் நகை பெறுவாய். பாட்டும் அவளுடையது, பரிசும் அவளுக்குத்தான்.

ஆனால் சறுக்கலும் உண்டு. பத்துப்பாட்டில் பொருநருக்கும் பாணருக்கும் கூத்தருக்கும் நீண்ட ஆற்றுப்படைகள் (பரிசு பெற்றவர் இன்னொருவருக்கு வள்ளலிடம் போக வழி சொல்லும் பாட்டுகள்) இருக்கின்றன, விறலி பெயரில் ஒன்றுகூட இல்லை. அந்தப் பாட்டுகளுக்குள் அவள் அழகு வருணனையாக வந்து போகிறாள். நாயக்கர் காலத்திலும் அதற்குப் பிறகும் வந்த விறலிவிடு தூதுகளில் நிலைமை இன்னும் மோசம். தாசியிடம் பணத்தை இழந்தவன் மனைவியைச் சமாதானப்படுத்த அனுப்பும் ஆள்தான் விறலி. பிறகு சொல்லே வழக்கிலிருந்து போய்விட்டது.

கணியான் கூத்தில் இன்றைக்கும் பெண் வேடம் கட்டி ஆடுவது ஆண்கள். வில்லுப்பாட்டில்தான் பெண்கள் நடுவில் உட்கார்ந்து, வில் நாணை அடிக்கும் வீசுகோலைக் கையில் எடுத்தார்கள். 2018-இல் மறைந்த பூங்கனி சின்ன வயதிலேயே வில் மேடை ஏறியவர், தென் மாவட்டக் கொடைகளில் பல காலம் பாடியவர்.

சரி, தமிழில் எப்படித்தான் சொல்வது? கலைஞர் என்றாலே போதும். அறிஞர், கவிஞர் மாதிரி அந்த ‘ஞர்’ இருபாலுக்கும் பொது, முன்னால் ‘பெண்’ வேண்டியதில்லை. ஆட்டக்காரியைச் சொல்ல விறலியை மறுபடி எடுக்கலாம், அழகான சொல். ஆனால் வில்லுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் நம் ஊரிலேயே இருக்கிறது. வில்லின் நடுவே இருந்து கதையை நடத்திப் பாடுபவரை நாம் புலவர் என்போம். அவர் பெண்ணாக இருந்தாலும் நோட்டீஸில் புலவர் என்றே அச்சடியுங்கள், கீழே அவர் பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.