தற்காலிகக் கான்கிரீட் ஆலையும் தெளிந்த கழுவுநீரும்

கட்டுமானத் தளத்திலேயே ஒரு கான்கிரீட் கலவை ஆலையை நிறுவ முடிவெடுத்து, அதன் சுற்றுச்சூழல் தாக்கத்தை மதிப்பிட என்னைப் போன்றவர்களை அழைக்கும்போது, "பதினெட்டு மாசம்தான் சார், வேலை முடிஞ்சதும் கழட்டி எடுத்துட்டுப் போயிடுவோம்" என்ற விளக்கமும் தவறாமல் உடன் வரும். கழற்றி எடுத்துச் செல்லப்படுவது இரும்புச் சட்டங்களும் சிமென்டைச் சேமிக்கும் உயரமான கலனான சைலோவும் மட்டுமே என்பதை எந்த இடத்தில் எடுத்துச் சொல்வது என்று ஒவ்வொரு முறையும் யோசிப்பேன்.

ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ 2,400 கிலோ. மணிக்கு 30 கன மீட்டர் திறன் கொண்ட சிறிய ஆலை, முழுவீச்சில் 10 மணி நேரம் ஓடினால், அந்த ஒரு நாளில் சுமார் 100 டன் சிமென்டும் சாம்பலும், 550 டன் ஜல்லியும் எம்-சாண்டும் அதன் வழியாகக் கடந்து போகின்றன. தளத்திலேயே கலப்பதால் லாரிப் போக்குவரத்து குறைந்துவிடும் என்று அறிக்கைகளில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. உண்மையில் கலந்த கான்கிரீட்டைச் சுமந்துவரும் டிரான்சிட் மிக்சர் லாரி வருவது நிற்கிறதே தவிர, ஏறத்தாழ அதே எடையுள்ள மூலப்பொருள் டிப்பரிலும், சிமென்டைத் தூளாகக் கொண்டுவரும் தொட்டி லாரியான பல்கரிலும் அதே தெரு வழியாகத்தான் வந்து சேர்கிறது.

தூசியைப் பொறுத்தவரை சராசரியை நம்பக் கூடாது. பிஎம்-10 நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். ஆனால் ஆலையின் மோசமான நேரம், பல்கரிலிருந்து காற்றழுத்தத்தால் சைலோவுக்குச் சிமென்ட் ஏற்றும் வேளைதான். ஓட்டுநர் சீக்கிரம் திரும்ப வேண்டி அழுத்தத்தைக் கூட்டுகிறார். சைலோவின் உச்சியில் உள்ள பை வடிகட்டி பல நாட்களாகச் சுத்தம் செய்யப்படாமல் அடைத்திருக்கிறது. அழுத்தம் தணிக்கும் வால்வு திறந்து, வெண்மேகம் ஒன்று பக்கத்து மொட்டை மாடிகளில் இறங்குகிறது. இருபது நிமிட நிகழ்வு நாள் சராசரியில் கரைந்துவிடும். மாடியில் உலர்த்திய துணியில் கரையாது. ஆகவே, தள ஆய்வுக்குச் செல்லும் நாளைப் பல்கர் வரும் நேரத்தோடு பொருத்திக்கொள்வது என் வழக்கம். காற்றின் திசைக்கும் இதே கதைதான். சென்னையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காலையில் மேற்கிலிருந்து வீசும் காற்று, பிற்பகலில் கடற்காற்று நுழைந்ததும் கிழக்கிலிருந்து திரும்பி வீசும். ஆண்டுச் சராசரியை மட்டும் பார்த்து "பள்ளி காற்றின் எதிர்ப்புறத்தில் உள்ளது", அதாவது தூசி அங்கே போகாது என்று எழுதிவிட்டால், எந்த நேரத்தில் எதிர்ப்புறம் என்ற கேள்வி விடையின்றி நிற்கும்.

நான் அதிகம் கவலைப்படுவது கழுவுநீரைப் பற்றித்தான். ஒரு தளத்தில் மேற்பார்வையாளர் மூன்று அறைகள் கொண்ட படிவுத் தொட்டியை என்னிடம் பெருமையாகக் காட்டினார். கடைசி அறையில் அடித்தளம் தெரியுமளவுக்கு நீர் தெளிந்திருந்தது. வேலியோரம் நட்ட மரக்கன்றுகளுக்கு அதைத்தான் ஊற்றுவதாகவும், கன்றுகள் ஏனோ பிழைப்பதில்லை என்றும் சொன்னார். நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் தாளை அதில் நனைத்ததும் அது கருநீலமாக மாறியது. சிமென்ட் கலந்த நீரின் பிஎச் 12-ஐத் தாண்டுவது இயல்பு. நீர்நிலையில் விடுவதற்கான வரம்போ 5.5 முதல் 9 வரை. இந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால், 9-க்கும் 12-க்கும் இடையே காரத்தன்மை ஆயிரம் மடங்கு வேறுபடுகிறது. படிவுத் தொட்டி துகள்களை இறக்குமே தவிர, கரைந்துள்ள சுண்ணாம்பை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த நீரை மிக்சர் டிரம் கழுவவும், தரம் பார்த்துக் கலவைக்கும் மீண்டும் பயன்படுத்துவதே சிறந்த வழி. வெளியேற்றியே ஆக வேண்டுமெனில் கரியமில வாயுவைச் செலுத்தி நடுநிலையாக்கலாம். அமிலத்தைக் கணக்கின்றி ஊற்றுவது வேறொரு விபத்துக்கு வழி.

தொட்டியின் கொள்ளளவை அன்றாடக் கழுவலை வைத்து மட்டும் கணக்கிடுகிறார்கள். 1,000 சதுர மீட்டர் முற்றத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 50,000 லிட்டர் நீர் சேரும். வடகிழக்குப் பருவமழையில் இது அரிதான மழையன்று. சிமென்ட் படிந்த தரையைக் கழுவிக்கொண்டு அது மழைநீர் வடிகாலுக்கே போகிறது. சுத்தமான கூரைநீரைத் தனியே பிரித்துவிட்டு, முற்றத்தின் நீர் மட்டும் தொட்டிக்கு வருமாறு சரிவு அமைப்பது ஆலை நிறுவும் முன் எளிது, பிறகு எளிதல்ல.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாக: இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு 45 டெசிபல். நகரத்தில் பகலில் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் பல்கரும் டிப்பரும் இரவில்தான் வருகின்றன. அவை பின்னோக்கி நகரும்போது எழும் ஒலியே ஆலையின் ஒலியைவிட அதிகம் உறக்கம் கெடுப்பதாகக் குடியிருப்போர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வாகனம் ஒரு வாயிலில் நுழைந்து மறு வாயிலில் வெளியேறுமாறு பாதை அமைத்தால் இதில் பெரும்பகுதி தீரும்.

கட்டடத்துக்குப் பெற்ற அனுமதியையே ஆலைக்கும் போதுமானதாகக் கருதுவது பரவலான தவறு; 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், 1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம் ஆகியவற்றின் கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பற்றித் தனியே கேட்டறிய வேண்டும். அதோடு, ஆலையின் முதல் தூண் ஊன்றப்படும் முன்பே அந்த மண்ணிலும் அருகிலுள்ள கிணறுகளிலும் மாதிரி எடுத்துப் பதிந்து வைக்குமாறு நான் வலியுறுத்துகிறேன். பதினெட்டு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வாளி கிணற்று நீருடன் வந்து நிற்கும்போது, ஒப்பிட்டுப் பார்க்க இரு தரப்பிடமும் வேறு எதுவும் இருப்பதில்லை.