கர்ப்பப்பையை எடுத்தாச்சுன்னா சினைப்பையும் போயிடுச்சுன்னு யாரும்மா சொன்னது?

போன வாரம் பண்ருட்டி பக்கத்துல இருந்து ஒரு அம்மா வந்தாங்க, 54 வயசு, முந்திரி உடைக்கிற வேலை. நாலு மாசமா வயிறு உப்பசம், ரெண்டு வாய் சாப்பிட்டாலே நெஞ்சு வரைக்கும் அடைக்குது. மெடிக்கல்ல கேஸ் மாத்திரை, வீட்ல ஓமத் தண்ணி, அப்புறம் அல்சர்னு ஒரு சிரப். ஜாக்கெட் கை தொளதொளன்னு ஆயிடுச்சு, ஆனா பாவாடை நாடா பத்தலைன்னு அவங்களே சொல்றாங்க. கை வச்சுப் பாத்தா வயிறு பூரா தண்ணி, ஸ்கேன்ல ரெண்டு சினைப்பையிலயும் கட்டி, சினைப்பை கேன்சரா இருக்குமோன்னு சந்தேகம். இந்த வருஷம் இதே கதையோட எங்கிட்ட வந்த நாலாவது ஆளு.

"கர்ப்பப்பையதான் அப்பவே எடுத்தாச்சே டாக்டரம்மா, எனக்கு எப்படி வரும்?"னு கேக்குறாங்க. அம்மா, கர்ப்பப்பை வேற, சினைப்பை வேற. நீங்க ஓவரி, முட்டைப்பைன்னு சொல்றது கர்ப்பப்பைக்கு ரெண்டு பக்கமும் பாதாம் கொட்டை சைஸ்ல இருக்கும், வயசு கம்மின்னா அதை விட்டுட்டு கர்ப்பப்பையை மட்டும் எடுக்குறதுதான் வழக்கம், எலும்புக்கும் இதயத்துக்கும் அது வேணும், அதுல தப்பில்ல. ஆனா உங்களுக்கு எதை எடுத்தாங்கன்னு டிஸ்சார்ஜ் சம்மரிலதான் இருக்கும், கேட்டா 2011 'தானே' புயல்ல போச்சு, 2015 வெள்ளத்துல போச்சுங்குறாங்க. தயவுசெஞ்சு போன்ல ஒரு போட்டோ எடுத்து வைங்க. பீரியட்ஸ் நின்னுட்டா இனி பயமில்லைங்குறதும் தப்பு, சினைப்பை கேன்சர் அதிகமா வர்றதே 50 தாண்டினவங்களுக்குத்தான். பேப் ஸ்மியர் நார்மல்னு ரிப்போர்ட்ட நீட்டுறீங்க, அது கர்ப்பப்பை வாய்க்கான டெஸ்ட், சினைப்பைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

சில பேர் அவங்களாவே லேப்ல போய் சிஏ-125ன்னு ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துட்டு வர்றாங்க. 35க்கு மேல போனா கேன்சர்னு முடிவு பண்ணாதீங்க, வயித்து டிபி, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரி திசு வெளிய வளர்றது), ஏன் ஃபைப்ராய்டுங்குற கர்ப்பப்பை நார்க்கட்டியிலகூட ஏறும், ஆரம்பக் கட்டத்துல பாதி பேருக்கு நார்மலாவே இருக்கும். பிரிட்டன்ல 2 லட்சம் பெண்களை வருஷக்கணக்கா ஃபாலோ பண்ணி 2021ல ரிசல்ட் சொன்னாங்க, தொந்தரவே இல்லாதவங்களுக்கு இந்த டெஸ்டும் ஸ்கேனும் எடுத்ததால சாவு குறையல. அதனால உடம்பு சொல்றதைக் கேக்குறதுதான் நமக்கு இருக்குற வழி. புதுசா உப்பசம், சீக்கிரம் வயிறு நிறையறது, அடிவயித்து வலி, அடிக்கடி யூரின், இதுல ஏதாவது ஒண்ணு, ரெண்டு மூணு வாரமா கிட்டத்தட்ட தினமும் இருந்தா ஸ்கேன் எடுங்க. மெடிக்கல் கடை அண்ணனுங்களே, 50 வயசு அம்மா மூணாவது தடவை கேஸ் மாத்திரை கேட்டா டாக்டர்கிட்ட அனுப்பி வைங்கண்ணா, கெஞ்சிக் கேக்குறேன். கட்டின்னு தெரிஞ்சா கிடைச்ச இடத்துல ஊசி போட்டு உறிஞ்சவும் கூடாது, அவசரமா அறுக்கவும் கூடாது, கேன்சருக்குன்னே இருக்குற சர்ஜன்கிட்ட போகணும். நமக்கு புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு.

குழந்தை பெறாதவங்களுக்கு ரிஸ்க் கொஞ்சம் கூட. குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் ரிஸ்க்கைக் குறைக்கும், அதுக்காக வராதுன்னு இல்ல. வயசுப் பொண்ணுங்களுக்கு வர்றது வேற ரகம், பெரும்பாலும் குணமாயிடும். குடும்பத்துல மார்பக கேன்சரோ சினைப்பை கேன்சரோ இருந்தா, அப்பா வழியா இருந்தாலும், கட்டாயம் சொல்லுங்க. பிஆர்சிஏ-1ங்குற ஜீன்ல பரம்பரையா வர்ற கோளாறு இருந்தா 100 பேர்ல சுமார் 40 பேருக்கு 80 வயசுக்குள்ள சினைப்பை கேன்சர் வருது.

அந்த அம்மாகிட்ட மூணு தடவை கேட்டப்புறம்தான் அவங்க அக்கா 42 வயசுல மார்புக் கட்டியில செத்துப் போனது வெளிய வந்துச்சு. ஜிப்மருக்கு லெட்டர் கொடுத்து அனுப்பிட்டேன், ஜீன் டெஸ்டும் எழுதியிருக்கேன். வெளிய பெஞ்சுல அவங்க பொண்ணு உக்காந்திருந்தா, 28 வயசு. அம்மாவோட ரிசல்ட் வந்ததும் நீயும் வாம்மான்னு சொல்லியிருக்கேன்.