பைத்தியம், கோட்டி, மனநோய்: எது சரியான சொல்?

திருநெல்வேலிப் பக்கம் 'பைத்தியம்' என்பதைவிட 'கோட்டி' என்றுதான் அதிகம் சொல்வார்கள். "ஏல, ஒனக்கென்ன கோட்டியா?" என்று கேட்டால் பாதி திட்டு, பாதி செல்லம். ஆனால் "அவனுக்குக் கோட்டி பிடிச்சிட்டு" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் அது நோய்.

முதலில் பைத்தியம். வடமொழி 'பித்த'த்திலிருந்து வந்தது, பித்தத்தால் உண்டானது என்பதே நேர்ப்பொருள். வாதம், பித்தம், கபம் என்ற மூன்றில் பித்தம் மிஞ்சினால் புத்தி தடுமாறும் என்பது பழைய வைத்தியக் கணக்கு. அந்தக் கணக்கு இன்றைக்குச் செல்லாது, சரி. ஆனால் இது உடம்பைச் சேர்ந்த நோய், ஆளின் குணக்கேடு இல்லை என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சுந்தரர் சிவனையே 'பித்தா' என்று கூப்பிட்டவர்.

கோட்டி நம்ம சொல். கோடுதல் என்றால் வளைதல், கோணுதல். 119-ஆம் குறளில் வள்ளுவர் 'உட்கோட்டம்' என்கிறாரே, மனக்கோணல், அந்தக் கோட்டத்தின் உறவுதான் இது. (கூட்டம் என்ற பொருளில் பழைய நூல்களில் வரும் கோட்டி வேறு, அது கோஷ்டி.) சித்த வைத்தியர்கள் மனநோயைக் 'கிரிகை' என்று சொல்லி 18 வகையாகப் பிரிப்பார்கள். 1964-லிருந்து பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஆனாலும் அந்தச் சொல் கல்லூரி வாசலைத் தாண்டி ஊருக்குள் வரவில்லை.

வெள்ளைக்காரன் கொண்டுவந்தது 'லூனாட்டிக்'. லத்தீனில் லூனா என்றால் நிலா, நிலாவால் புத்தி கலங்கியவன் என்று பொருள். 1794-ல் வாலண்டைன் கொனோலி என்ற டாக்டர் சென்னையில் ஒரு விடுதி தொடங்கினார், 1858-ல் அசைலம் (காப்பகம்) சட்டம், 1871-ல் கீழ்ப்பாக்கம் காப்பகம், 1912-ல் இந்திய லூனசி சட்டம். 1922-ல் கீழ்ப்பாக்கத்தின் பெயரை மனநல மருத்துவமனை என்று மாற்றிவிட்டார்கள், ஆனால் சட்டத்தில் லூனாட்டிக் அப்படியே கிடந்தது. அதை நீக்கிய 1987 சட்டம் நடைமுறைக்கு வரவே 1993 ஆகிவிட்டது. அசைலத்தை நாம் பைத்தியக்கார ஆஸ்பத்திரி ஆக்கினோம். பித்தம் என்ற நோய்ச்சொல்லுக்குக் கம்பி போட்ட ஜன்னல் வந்து சேர்ந்தது அப்படித்தான் என்பது என் எண்ணம்.

ஆஸ்பத்திரிக்குப் பயந்தவர்கள் கோயிலுக்கும் தர்காவுக்கும் கூட்டிப் போனார்கள். தர்கா இருக்கிற ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஒரு தனியார் விடுதிக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த நோயாளிகள் ஓட முடியாமல் வெந்து போனார்கள், சாவு 28. திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரிப் பக்கத்து ஏர்வாடிக்காரர்கள் "அது நாங்க இல்ல, அது வேற ஏர்வாடி" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது.

அப்புறம், எதைச் சொல்வது? நோயைச் சொல்ல மனநோய் போதும். தனித்தமிழ் வேண்டுமென்றால் உளநோய். இலங்கைத் தமிழர்கள் உளநலம் என்றே எழுதுகிறார்கள். ஆளைச் சொல்லும்போது 'மனநோயாளி' என்று முத்திரை குத்துவதைவிட 'மனநோய் உள்ளவர்' எனக்குப் பிடிக்கும், பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிக்கொண்டு அன்றைக்கே வேலைக்குப் போகிறவரும் அதில் அடங்குவார்.

'மனநலம் குன்றியவர்' என்பதையும் 'மனவளர்ச்சி குன்றியவர்' என்பதையும் மட்டும் தயவுசெய்து குழப்ப வேண்டாம், செய்தித்தாள்களே குழப்புகின்றன. முன்னது நடுவில் வரும் நோய், மருந்து உண்டு. பின்னது சிறுவயதிலிருந்தே உள்ள அறிவுத்திறன் குறைபாடு, அதை மனநோயில் சேர்க்கக்கூடாது என்று அதே 2017 சட்டம் விலக்கியிருக்கிறது. மாற்றுத்திறனாளி சான்றிதழிலும் இரண்டும் தனித்தனி வகை, எழுதிக் கொடுக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.