பில்லட்: அடுத்தவர் வீட்டில் இறங்கும் படைக்குத் தமிழில் என்ன சொல்?

"கிழவியின் அடுப்படிக்குப் பக்கத்து அறைதான் எங்கள் முகாம்."

முதல் உலகப்போர் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தபோது இந்த வரியில் நின்றுவிட்டேன். அடுப்படிக்குப் பக்கத்தில் எப்படி முகாம் போட முடியும்? மூலத்தைப் பார்த்தேன். 'பில்லட்' என்று இருந்தது. மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல முடியாது. 'படைவீரர் தங்குமிடம்' என்று பொதுவாகத்தான் பொருள் கிடைக்கிறது. அதைச் சுருக்கினால் முகாம் என்றுதான் வந்து நிற்கும். ஆனால் அந்த இடம் யாருடையது என்பதுதான் பில்லட்டின் உயிரே. முகாம் என்றதும் கிழவி காணாமல் போய்விடுகிறாள்.

பில்லட் முதலில் இடத்தைக் குறித்த சொல்லே இல்லை. அது ஒரு துண்டுச் சீட்டு. 'இன்னாருடைய வீட்டில் இத்தனை பேருக்கு இடம் தரவேண்டும்' என்று அதிகாரி எழுதிக் கையில் கொடுப்பார். சிப்பாய் அதைக் கொண்டுபோய் வீட்டுக்காரரிடம் நீட்டுவான். நாளடைவில் சீட்டின் பெயரே அந்த வீட்டுக்கும், அங்கே தங்குவதற்கும் ஆகிவிட்டது. கடற்படையில் ஒருவருக்கு ஒதுக்கிய பணியிடத்தையும் பில்லட் என்பார்கள். அது நமக்கு இப்போது வேண்டாம். உருக்காலையில் புழங்கும் பில்லட் வேறு சொல். மரக்கட்டையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. எழுத்து ஒன்று, குடும்பம் வேறு.

சீட்டு பில்லட்டின் மூலம் லத்தீன் 'புல்லா'. நீர்க்குமிழி என்று பொருள். குமிழிபோல் உருண்ட முத்திரைக்கும், பிறகு முத்திரையிட்ட ஆவணத்துக்கும் அதுவே பெயரானது. கடையில் வாங்கும் பில், செய்தி சொல்லும் புல்லட்டின் இரண்டும் இந்த வழியில் வந்தவைதான். துப்பாக்கிப் புல்லட்கூட உருண்டை என்ற பொருள் வழியாக அதே குமிழியில் போய் முடிகிறது. 'ஒவ்வொரு புல்லட்டுக்கும் ஒரு பில்லட் உண்டு' என்று ஆங்கிலத்தில் ஒரு பழமொழி இருக்கிறது. எந்தக் குண்டு எவன் உடம்பில் போய்த் தங்கவேண்டும் என்பது முன்பே எழுதிவைத்த சீட்டு என்கிறார்கள். ஒரே குமிழியில் பிறந்த இரண்டு சொற்கள் அந்தப் பழமொழியில் எதிரெதிரே நிற்கின்றன.

இதே வேலையைச் செய்யும் இன்னொரு சொல் குவார்ட்டர். (சிலருக்கு வேறு நினைவு வரலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.) நான்கில் ஒரு பங்கு என்ற பொருள் ஊரின் ஒரு பகுதி என்றாகி, அங்கே தங்குவது என்றாகி, கடைசியில் நாம் சொல்லும் போலீஸ் குவார்ட்டர்ஸ் ஆனது. சட்டங்களில் அதிகம் வருவது இதுதான். 1765இல் பிரிட்டன் தன் அமெரிக்கக் குடியேற்றங்களுக்குப் போட்ட சட்டத்தின் பெயரிலேயே குவார்ட்டர் இருக்கிறது. குடியிருக்கும் வீட்டுக்குள் சிப்பாய்களைத் திணித்த சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படிச் சொல்லவில்லை. முதலில் படைக் குடியிருப்பு, இடம் போதாவிட்டால் சத்திரமும் மதுக்கடையும், அதுவும் போதாவிட்டால் ஆளில்லாத வீடும் களஞ்சியமும் என்றுதான் வரிசை. ஆனால் படுக்கை, விறகு, மெழுகுவத்தி, உப்பு, வினிகர், குடிக்க பீரோ சைடரோ எல்லாம் குடியேற்றங்களின் செலவு. 1776 விடுதலைப் பிரகடனம் அரசர்மீது அடுக்கும் குற்றங்களில் 'எங்கள் நடுவே பெரும்படைகளை இறக்கியது' என்பதும் ஒன்று. 1791இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசியல் சட்டத்தின் மூன்றாம் திருத்தம், அமைதிக் காலத்தில் வீட்டுக்காரர் ஒப்புதல் இல்லாமல் எந்த வீட்டிலும் சிப்பாயைத் தங்கவைக்கக் கூடாது என்கிறது. போர்க்காலத்தில் சட்டம் சொல்லும் முறைப்படி தங்கவைக்கலாம்.

அப்புறம் கண்டோன்மென்ட். இதன் அடி 'மூலை' என்ற பொருள்படும் இத்தாலியச் சொல். மூலை, நிலத்தின் ஒரு துண்டு, அந்தத் துண்டில் படையைப் பிரித்துத் தங்கவைப்பது என்று பொருள் நகர்ந்தது. பிரெஞ்சுக்காரர்களுக்குக் கந்தோன்மான் என்றால் கிராமத்து வீடுகளிலும் தொழுவங்களிலும் படை தற்காலிகமாகத் தங்குவது. ஆங்கிலேயர் அதை இந்தியாவில் நிரந்தரப் படைநகருக்குப் பெயராக்கிவிட்டார்கள். ஊருக்குள் கலந்து கிடந்ததைக் குறித்த சொல், ஊரைவிட்டு விலகி நிற்பதைக் குறிக்கிறது. அதனால் பழைய பிரெஞ்சுப் போர்க்குறிப்பில் இந்தச் சொல் வந்தால் 'படைநகர்' என்று போட்டுவிடாதீர்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். படை தங்குவதற்கு நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. பாசறை, பாடி, கட்டூர், பாளையம், தண்டு. இவை எல்லாமே படை தனக்கென்று போட்டுக்கொள்ளும் இடங்கள். முல்லைப்பாட்டில் வரும் பாசறையைப் பாருங்கள். காட்டாற்றங்கரையில் புதரை வெட்டி, வேட்டுவர் அரண்களை அழித்து, முள்வேலி வளைத்து, கடல்போல் விரிந்த பாடி. அதற்குள் தெரு உண்டு, கூடாரம் உண்டு. ஊர்க்காரர் வீடு இல்லை. அயல்நாட்டு வீரர்கள்கூட அங்கே இருக்கிறார்கள். அரசனின் கூடாரத்தருகே யவனர், உள்ளே காவலுக்கு மிலேச்சர். மொழி தெரியாத அந்தக் காவலரைப் புலவர் 'உடம்பின் உரைக்கும் உரையா நாவின்' என்கிறார். நாக்கு பேசாது, உடம்பு பேசும். அந்நியச் சிப்பாயும் கிராமத்துக் கிழவியும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் நடப்பதற்கும் இதைவிடச் சுருக்கமான வருணனை எனக்குக் கிடைக்கவில்லை.

படைவீடு என்று எழுதலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். சொல் என்னவோ பொருத்தம்தான். ஆனால் இன்று படைவீடு என்றதும் முருகன் வந்து நிற்கிறான்.

1914 இலையுதிர்காலத்தில் இந்தியப் படைகள் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. போர் முடிவதற்குள் சுமார் 1,38,000 இந்தியர் பிரான்சுக்குப் போனார்கள். காலாட்படையை 1915 முடிவில் வேறு களத்துக்கு மாற்றினார்கள். குதிரைப்படை 1918 வரை அங்கேயே இருந்தது. பதுங்குகுழியில் இல்லாத நாட்களில் பலர் தங்கியது வட பிரான்சின் பண்ணை வீடுகளிலும் வைக்கோல் கொட்டகைகளிலும். படைக்கு முன்னே ஒரு சிறு குழு ஊருக்குப் போகும். எந்தக் கொட்டகையில் எத்தனை ஆள், எத்தனை குதிரை என்று கதவில் சாக்குக்கட்டியால் எழுதிவிட்டு அடுத்த வாசலுக்கு நகரும். அந்தக் கதவு எழுத்துதான் இங்கே சீட்டு.

அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்ததால் கொஞ்சம் தப்பிப் பிழைத்திருக்கிறது. பீரங்கியைவிட வீட்டுக்கார அம்மாள்கள் அதில் நன்றாகத் தெரிகிறார்கள். துணி துவைத்துக் கொடுத்தவர், தாய்போல் கவனித்தவர், படை கிளம்பும்போது அழுதவர். ஆண்கள் போருக்குப் போய்விட்ட வயல்களைப் பெண்களே உழுததைப் பார்த்து உழவர் வீட்டுப் பிள்ளைகளான சிப்பாய்கள் வியந்திருக்கிறார்கள். மொழி இல்லாத இடத்தில் பாதிச் சொல் பிறக்கும். கடைக்காரர் 'இல்யா னாப்ளூ', அதாவது 'தீர்ந்துபோச்சு' என்று சொன்னது பிரிட்டிஷ் சிப்பாய்களின் வாயில் 'நாப்பூ' ஆனது. முட்டை தீர்ந்தாலும் நாப்பூ, ஆள் செத்தாலும் நாப்பூ.

எல்லா இடத்திலும் இப்படிப் பாசமாக முடியவில்லை. 1681இல் பிரெஞ்சு அரசு பொவாத்து பகுதியின் புராட்டஸ்டன்ட் வீடுகளில் டிராகூன் குதிரை வீரர்களை வேண்டுமென்றே இறக்கியது. மதம் மாறினால் வீரர் கிளம்புவார். மாறாவிட்டால் வீடு காலியாகும்வரை தின்பார். ஒருவரை அடித்துப் பணியவைப்பதற்கு ஆங்கிலத்தில் 'டிராகூன்' என்றே வினைச்சொல் வந்துவிட்டது.

நம் பழமொழி ஒன்று அச்சாகப் பொருந்துவது வேறு ஓரிடத்தில். 'ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம்.' 1943 கடைசியில் இங்கிலாந்தின் டெவன் கரையில் ஸ்லாப்டனைச் சுற்றி சுமார் 30,000 ஏக்கரை அமெரிக்கப் படையின் பயிற்சிக்காகக் காலிசெய்தார்கள். பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்குவதற்கு அந்தக் கடற்கரையில் ஒத்திகை. சுமார் 3,000 பேர், ஆடு மாடு தட்டுமுட்டுச் சாமானோடு, டிசம்பர் 20க்குள் வெளியேறவேண்டும். 1954இல் அமெரிக்கப் படை அங்கே ஒரு நினைவுக்கல் வைத்தது. வீடுகளைப் 'பெருந்தன்மையோடு' விட்டுக்கொடுத்த மக்களுக்கு நன்றி என்று அதில் இருக்கிறது. வேறு வழி இல்லாதவர்களின் பெருந்தன்மை. இதைப் பில்லட் என்று சொல்லக் கூடாது. வீட்டுக்காரர் உள்ளே இருந்தால்தான் பில்லட். அவரை வெளியேற்றினால் கையகப்படுத்தல். எதிரிப்படை வந்து ஆண்டால் ஆக்கிரமிப்பு. ஓரிடத்தைக் காக்க நிரந்தரமாக நிற்கும் காரிசனுக்குத் தாணையம் என்ற பழைய சொல்லை எடுக்கலாம், அல்லது காவற்படை என்றே விடலாம். மொழிபெயர்ப்பில் இவை நான்கும் 'முகாமிட்டனர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டப்படுகின்றன.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். காகிதமாக வரும் பில்லட்டுக்குத் 'தங்கல் சீட்டு'. அதற்கு விளக்கமே தேவைப்படாது. அந்த ஏற்பாட்டுக்கு 'வீட்டுத் தங்கல்'. 'மனையுறை' என்று செந்தமிழில் ஒன்று தோன்றியது. வீட்டுமனைப் பத்திரம்போல ஒலித்ததால் விட்டுவிட்டேன். உணர்வில் மிக நெருங்கியது ஒண்டுக்குடித்தனம்தான், ஆனால் துப்பாக்கியோடு வருகிறவரை ஒண்டுக்குடித்தனக்காரர் என்றால் சிரிப்பு வரும்.

வினைச்சொல்லுக்குப் புதிதாக எதுவும் வேண்டாம். தமிழில் படை எப்போதும் இறங்கித்தான் வந்திருக்கிறது. தண்டு இறங்கியது என்றோம்; தமிழ் விவிலியத்தில் பக்கத்துக்குப் பக்கம் 'பாளயமிறங்கினார்கள்'. சொல்லாமல் கொள்ளாமல் வரும் விருந்தாளியையும் 'வந்து இறங்கிட்டாங்க' என்றுதானே சொல்கிறோம்? அதனால் 'வீட்டில் இறங்கினார்கள்', அதிகாரி செய்தால் 'இறக்கினார்கள்'. யார் வீட்டில் என்பதை மட்டும் விடாமல் எழுதவேண்டும்.

அந்த முதல் வரியை இப்படித் திருத்தி அனுப்பினேன்: "எங்கள் ஆறு பேரைக் கிழவியின் வீட்டில் இறக்கியிருந்தார்கள். அடுப்படிக்குப் பக்கத்து அறை எங்களுக்கு, அடுப்படி அவளுக்கு."