அட்ரீசியா: அடைப்பா, துளைபடாமையா, தூர்வா?

தம் மகளும் பிறந்து இரண்டு நாளேயான பேரப்பிள்ளையும் அம்புலன்ஸில் கொழும்புக்குப் புறப்பட்டுப் போன அன்று, திருகோணமலைக்கு அருகிலுள்ள நிலாவெளியிலிருந்து உறவுக்காரப் பெண்மணி ஒருவர் என் வீட்டுக்கு வந்து, கைத்தொலைபேசியில் பிடித்து வைத்திருந்த நோய் நிர்ணய அட்டையின் படத்தைக் காட்டினார். அட்டையில் இருந்த சொல் ‘அட்ரீசியா’. அதைக் ‘குடல் அடைப்பு’ என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “அடைப்பெண்டால், தம்பி, கொஞ்சம் ஆமணக்கெண்ணெய் குடுத்துப் பார்த்திருக்கலாம்தானே? ஏன் பிள்ளையை வெட்டோணும்?” கேள்வியில் பிழை இல்லை. பிழை, சொல்லை மொழிபெயர்த்துக் கொடுத்தவரிடம் இருந்தது.

அட்ரீசியா கிரேக்க மூலத்தைக் கொண்ட சொல். ‘அ’ என்பது இன்மையைக் குறிக்கும் முன்னொட்டு. ‘ட்ரீசிஸ்’ என்றால் துளையிடுதல். உடம்பில் இயல்பாகத் துளையோ குழாயோ இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லாமலிருப்பதே இதன் பொருள். ‘அடைப்பு’ என்னும் நம் சொல்லோ, வழி ஒன்று இருக்கிறது, அதில் ஏதோ சிக்கிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணத்தைத் தருகிறது. அட்ரீசியாவின் விளைவாகக் குடல் அடைபடுகிறது என்பது உண்மையே. ஆனால் விளைவின் பெயரைக் குறைபாட்டுக்கு வைத்தால், எண்ணெய் கொடுத்தோ பேதி கொடுத்தோ தள்ளிவிடலாம் என்றுதான் வீட்டார் நினைப்பார்கள். வழியே இல்லாத குடலுள்ள சிசுவுக்கு வாயால் எது கொடுத்தாலும் அது வாந்தியாகத் திரும்பும். மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் ஆபத்தும் உண்டு.

இந்த வாந்தியின் நிறத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பித்தம் குடலில் வந்து சேரும் இடத்துக்குக் கீழே வழி இல்லையென்றால், குழந்தை பச்சையாக வாந்தியெடுக்கும். ‘பித்தவாந்தி’ என்பது பெரியவர்களைப் பொறுத்தமட்டில் நாம் இலேசாக எடுத்துக்கொள்ளும் சொல். பிறந்த குழந்தையின் பச்சை வாந்தியை மருத்துவர்கள் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. வேறு காரணம் உறுதியாகும் வரைக்கும் அதைச் சத்திரசிகிச்சைக்குரிய அவசர நிலையாகவே கருதுவார்கள்.

அடைப்பு பொருந்தாது என்றால், நேர்மொழிபெயர்ப்பாகத் ‘துளைபடாமை’ என்று எழுதலாம். துவாரமின்மை என்று எழுதுவோரும் உண்டு. முன்சிறுகுடலை, அதாவது இரைப்பையை அடுத்து வரும் சிறுகுடலின் முதற்பகுதியைப் பொறுத்தவரை இது மிகப் பொருத்தமான சொல். கருவளர்ச்சியின் தொடக்க வாரங்களில் முன்சிறுகுடலின் உட்புறத்தை உயிரணுக்கள் நிறைத்துவிடுகின்றன, அது பின்னர் மீண்டும் குழாயாகத் திறக்க வேண்டும், திறக்கத் தவறும்போது இக்குறைபாடு உண்டாகிறது என்ற விளக்கத்தை 1900ஆம் ஆண்டில் வியன்னாவின் உடற்கூற்றியலாளர் யூலியுஸ் டாண்ட்லர் முன்வைத்தார். இத்தகைய குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு டவுன் நோய்க்குறித்தொகுதியும் காணப்படுகிறது. எக்ஸ்றேயில் இரைப்பையிலும் முன்சிறுகுடலின் மேற்பகுதியிலும் காற்று தங்கி, இரண்டு குமிழிகள் அருகருகே தெரியும். கருவிலிருக்கும் குழந்தை விழுங்கும் பனிக்குடநீர் கீழே இறங்க முடியாமல் தாயின் வயிற்றில் அந்நீர் அளவுக்கு மிஞ்சிச் சேர்வதால், பிரசவத்துக்கு முந்திய ஸ்கானிலேயே ஐயம் எழுவதும் உண்டு.

இதற்குக் கீழே, சிறுகுடலின் நடுப்பகுதியான இடைச்சிறுகுடலிலும் கடைப்பகுதியான சுருட்குடலிலும், கதை வேறு. தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் சத்திரசிகிச்சை மருத்துவர்களான யான் லோவும் கிறிஸ்டியான் பர்னாட்டும், கருவிலிருந்த நாய்க்குட்டிகளின் குடலுக்குப் போகும் இரத்தக்குழாய்களைக் கட்டிவிட்டுத் தாயின் வயிற்றை மூடி, அக்குட்டிகள் குடலில் அட்ரீசியாவுடன் பிறந்ததை 1955இல் வெளியிட்டார்கள். (1967இல் உலகின் முதலாவது மனித இதயமாற்றுச் சிகிச்சையைச் செய்தவர் இதே பர்னாட்தான்.) அதாவது, குடல் நல்ல குழாயாக உருவான பிறகு, இரத்தவோட்டம் தடைப்பட்டு, ஒரு துண்டு வற்றி மறைந்துபோகிறது. இதற்குக் குழந்தையின் உடம்பிலேயே சான்று உண்டு: வழியில்லாத இடத்துக்குக் கீழேயுள்ள குடலில், கருவின் தோலிலிருந்து உதிர்ந்து அது முன்பு விழுங்கிய மென்மயிரும் மேலிருந்து வந்த பித்தமும் சில வேளைகளில் கிடக்கும். வழி ஒரு காலத்தில் திறந்திருக்காவிட்டால் அவை அங்கே போய்ச் சேர்ந்திருக்க முடியாது. ஆகவே இதைத் ‘துளைபடாமை’ என்பது பொருந்தாது.

இந்த இடத்துக்குத்தான் ‘தூர்தல்’ என்னும் நம் பழைய வினை உதவுகிறது என்று நினைக்கிறேன். கிணறு தூர்ந்தது என்கிறோம். தோடு போடாமல் விட்ட காது தூர்ந்தது என்கிறோம். கிணற்றில் வெளியிலிருந்து விழும் மண் நிறைகிறது, அதைத் தூர்வாரலாம். அந்தப் பொருளை எடுத்தால் மறுபடியும் அடைப்பிலேயே வந்து நிற்போம். காதிலோ தசை தானே கூடித் துளை இல்லாமற் போகிறது. குடலுக்கு நான் எடுப்பது காதின் தூர்தலை. நிலாவெளிப் பெண்மணிக்கும் இதைத்தான் சொன்னேன். அவர் தம் காதுமடலைத் தொட்டுக்கொண்டு, “அப்ப திரும்பக் குத்தத்தான் வேணும்” என்றார்.

குத்துவதில்லை, வெட்டி இணைக்கிறார்கள். அதற்கு முன் மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பையை வெறுமையாக்கி, நாளம் வழியாக நீரும் உப்பும் கொடுத்து, உடற்சூடு காத்து, குழந்தையை நிலைப்படுத்துவார்கள். 260 கிலோமீற்றர் பயணத்தில் பிள்ளை தாங்குவதும் இந்த ஏற்பாட்டினால்தான். (சத்திரசிகிச்சையிலுள்ள ‘சத்திரம்’ வழிப்போக்கர் தங்குமிடம் அன்று, ‘சஸ்திரம்’ என்ற வடசொல்லின் தமிழ் வடிவம், வெட்டும் கருவி.) முன்சிறுகுடலில், விரிந்த மேற்பகுதியைக் குறுக்காகவும் ஒடுங்கிய கீழ்ப்பகுதியை நெடுக்காகவும் கீறி, வைரவடிவ வாயாகத் தைக்கும் முறை கிமுரா என்ற யப்பானிய மருத்துவரால் 1977இல் விவரிக்கப்பட்டது. கீழ்க்குடலில், பருத்துச் செயலிழந்த நுனியை வெட்டி நீக்கி, நலமான இரு முனைகளையும் இணைப்பார்கள். தைப்பதற்கு முன் கீழ்ப்பகுதிக்குள் உப்புநீரைச் செலுத்திப் பார்ப்பது வழக்கம், ஏனெனில் தூர்ந்த இடங்கள் ஒன்றுக்கு மேற்பட்டும் இருக்கலாம். நிறைமாதக் குழந்தையின் சிறுகுடல் ஏறத்தாழ இரண்டரை மீற்றர் நீளமுடையது. அதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தே பிள்ளை பால் குடித்து வளர்வது அமையும்.

மலவாய் திறக்காமல் பிறப்பதைத் துளைபடாமை என்றே சொல்லலாம். வழி இருந்தும் மிகக் குறுகியிருந்தால் அது ‘ஸ்டெனோசிஸ்’. அதற்கு ‘ஒடுக்கம்’ போதும். கல்லீரலிலிருந்து பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுவரும் குழாய்களில் வரும் பித்தநாள அட்ரீசியாவில், பிறப்பை ஒட்டிய காலத்திலேயே நாளங்கள் அழற்சியால் சிதைந்து மூடிக்கொண்டே போகின்றன. இதற்கென யப்பானிய மருத்துவர் கசாய் மொரியோ வகுத்த சத்திரசிகிச்சையை ஏறத்தாழ 60 நாள் வயதுக்குள் செய்வது நல்லது என்பதும் அதனால்தான். அதைப் ‘பித்தநாளத் தூர்வு’ என்று எழுதினால், நாள் செல்லச் செல்ல நிலைமை மோசமாகும் என்பதைச் சொல்லே தாய்க்கு உணர்த்திவிடும்.